கூண்டுக்குள் கொதிக்கும் கோடை

திருவனந்தபுரத்து வீடுகளின் பின்பக்கத்தில், உச்சி வெயிலுக்கும் இரண்டு பருவ மழைக்கும் நடுவே, தகரக் கூரையின் கீழ் நாய்கள்

ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், பகல் பன்னிரண்டரைக்குச் சற்று முன்பு, திருவனந்தபுரத்தில் நிழல் காணாமல் போகிறது. சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுவதால் கொடிக்கம்பத்தின் நிழல் அதன் அடியிலேயே சுருங்கிவிடும். ஆகஸ்ட் முடிந்து செப்டம்பர் பிறக்கும் சமயத்தில் இதே காட்சி மீண்டும் ஒருமுறை நடக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இது வேடிக்கை. ஆனால் வீட்டின் பின்பக்கம், மதிலை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரும்புக் கூண்டில் அடைபட்டிருக்கும் அல்சேஷனுக்கு வேடிக்கை பார்க்கும் மனநிலை இருக்காது. வெயில் அதன் தலைக்கு நேர் மேலே காய்ந்துகொண்டிருக்கிறது. விலகி நிற்க வேறு இடமில்லை.

நகரத்தின் புறநகர்ப் பகுதிகளில் நடந்தால் இந்தக் கூண்டுகளைப் பார்க்காமல் இருக்க முடியாது. வளைகுடாப் பணம் வீடுகளைப் பெரிதாக்கியது. பெரிய வீட்டுக்குப் பெரிய கேட், பெரிய கேட்டுக்கு ஒரு பெரிய நாய். நாய்க்கு ஒரு கூண்டு. பெரும்பாலும் அதைத் தயாரிப்பது வெல்டிங் பட்டறைதான்: நாலு பக்கமும் இரும்புக் கம்பி, கீழே சிமென்ட் தளம், மேலே ஒரு ஷீட். நாய் பகல் முழுதும் உள்ளே. இரவில் திறந்து விடுவார்கள். கூண்டு எங்கே வைக்கப்படுகிறது என்பதைத் தீர்மானிப்பது நாயின் வசதி அல்ல. வாசனை வீட்டுக்குள் வரக்கூடாது, வாசலில் பார்க்க அசிங்கமாக இருக்கக்கூடாது என்ற இரண்டு கவலைகள்தான். எனவே யாருக்கும் பயன்படாத மூலை நாய்க்கு ஒதுக்கப்படுகிறது. பல வீடுகளில் அது மேற்கு மூலை. பிற்பகல் வெயிலும் ஜூன் மாதச் சாரலும் நேராக வந்து அடிக்கும் மூலை.

திருவனந்தபுரம் அப்படியொன்றும் சூடான ஊர் இல்லையே என்று பாலக்காட்டுக்காரர்களும் மதுரைக்காரர்களும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2024 ஏப்ரலில் பாலக்காடு 41 டிகிரி செல்சியஸைத் தாண்டியபோதும் தலைநகர் அந்த உயரத்தை எட்டவில்லை. மார்ச், ஏப்ரலில் இங்கே பகல் வெப்பம் சாதாரணமாக 33, 34 டிகிரி. ஆனால் நாய்க்குத் தெர்மாமீட்டரைவிட முக்கியமானது காற்றில் உள்ள ஈரம். மனிதனுக்கு உடல் முழுவதும் வியர்க்கும். நாய்க்கு வியர்வை என்று சொல்ல இருப்பது பாதங்களின் அடியில் மட்டும்தான். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது ஒன்றே அதற்குத் தெரிந்த வழி. நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது ரத்தம் குளிர்கிறது. காற்றிலேயே ஈரம் நிரம்பியிருந்தால் ஆவியாவது மந்தமாகிவிடும். நாய் இன்னும் வேகமாக இரைக்கும். இரைப்பதற்கான உழைப்பே உடலில் புதிய சூட்டைக் கிளப்பும். கடலோர நகரத்தின் 34 டிகிரி, வறண்ட ஊரின் 38 டிகிரியைவிட நாயை அதிகம் வாட்டக்கூடியது இதனால்தான்.

டெல்லியிலிருந்து மாற்றலாகி வரும் குடும்பங்கள் தங்கள் ஏர்கூலரையும் லாரியில் ஏற்றி வந்து ஏமாறுவதற்கும் இதே காரணம்தான். டெல்லியின் மே மாத வறட்சியில் தண்ணீரில் நனைந்த வைக்கோல் தட்டி வழியே வரும் காற்று ஜில்லென்று இருக்கும். திருவனந்தபுரத்தில் அதே கூலர் அறையை நீராவிக் குளியல் அறையாக்கும். கூண்டுக்கு வெளியே ஒரு மின்விசிறியை வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். வியர்வை இல்லாத உடம்பில் விசிறிக் காற்றுக்கு அதிக வேலை இல்லை. நாயின் வயிற்றையும் கால்களையும் நனைத்துவிட்டுப் பிறகு விசிறியைப் போட்டால் பலன் உண்டு.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. 106ஐ நெருங்கினால் ஆபத்து. அதைத் தாண்டினால் சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும். நிற்காத இரைப்பு, கெட்டியான எச்சில், செங்கல் நிறத்தில் ஈறுகள், தள்ளாட்டம், வாந்தி - இவை வெப்பத் தாக்குதலின் அறிகுறிகள். இந்த நிலையில் நாயைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் பறப்பதுதான் எல்லோருக்கும் தோன்றும் முதல் யோசனை. கால்நடை மருத்துவத்தின் இன்றைய ஆலோசனை வேறு: முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் பயணம். நிழலுக்கு இழுத்து, குழாய்த் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி, காற்று படும்படி செய்ய வேண்டும். ஈரத் துண்டைப் போர்த்துவது பார்ப்பதற்கு இதமாகத் தோன்றினாலும் சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். நினைவில்லாத நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. கொஞ்சம் தெளிந்துவிட்டது என்பதற்காக மருத்துவரைத் தவிர்க்கவும் கூடாது. உள் உறுப்புகளின் சேதம் மறுநாள்கூட வெளியே தெரியலாம்.

பக், புல்டாக், பாக்ஸர் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. அவற்றின் மூச்சுப் பாதையே குறுகல். ஒரு காலத்தில் தொலைபேசி விளம்பரம் ஒன்று பக் நாயை நாடு முழுவதும் பிரபலமாக்கியது. வாங்கியவர்களில் எத்தனை பேர் அதன் மூக்கைக் கவனித்திருப்பார்கள்? சைபீரியன் ஹஸ்கியை வாங்கிக் கேரளத்தில் வளர்ப்பவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அதற்கு எந்தக் கூண்டும் போதாது. அதன் ரோமத்தை மொட்டை அடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். இரட்டை அடுக்கு ரோமம் குளிரைத் தடுப்பதுபோல நேர் வெயிலையும் ஓரளவு தடுக்கிறது. மழித்துவிட்டால் தோல் நேரடியாக வேகும். சீப்பால் வாரி, உதிர்ந்த உள் ரோமத்தை எடுத்துவிடுவதே போதும்.

ஊருக்கு ஏற்ற நாய் என்றால் அது கேரள எல்லையைத் தாண்டிய கொஞ்ச தூரத்திலேயே இருக்கிறது. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாமே குட்டை ரோமமும் மெலிந்த உடலும் கொண்டவை. ராஜபாளையம் மட்டும் ஒரு விதிவிலக்கு கேட்கும்: வெள்ளைத் தோலும் இளஞ்சிவப்பு மூக்கும் வெயிலில் எளிதில் புண்ணாகும். அந்த நாய்க்கு நிழல் ஆடம்பரம் அல்ல.

சரி, கூண்டை எப்படிக் கட்டுவது? இந்தக் கேள்விக்குத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் குறைவு. தம்பானூர் பஸ் நிலையத்தில் இறங்கும் தமிழர்கள் முதலில் பார்ப்பது, செங்கல்லால் சுருள் சுருளாக மேலே ஏறும் அந்த விசித்திரமான இந்தியன் காபி ஹவுஸைத்தான். அதைக் கட்டிய லாரி பேக்கர் (1917-2007) இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்து, இமயமலைப் பகுதியான பித்தோராகரில் பல ஆண்டுகள் கழித்து, கடைசியில் திருவனந்தபுரத்தில் வேர் விட்டவர். நாலாஞ்சிறையில் இருக்கும் அவருடைய ‘ஹாம்லெட்’ வீடும் உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையக் கட்டடங்களும் ஏர்கண்டிஷனரை நம்பாமல் வெப்பத்தைச் சமாளிப்பது எப்படி என்பதற்குப் பாடப் புத்தகங்கள். அவர் வடிவமைத்தது மனிதர்களுக்குத்தான். ஆனால் சூட்டுக்கு மனிதன், நாய் என்ற பேதம் கிடையாது.

அவர் பிரபலப்படுத்திய ‘எலிப்பொறிக் கட்டு’ மிக எளிமையானது. செங்கல்லைப் படுக்கவைக்காமல் குத்தாக நிறுத்தி, இரண்டு வரிசைகளுக்கு நடுவே வெற்றிடம் விட்டு அடுக்க வேண்டும். செங்கல் செலவில் சுமார் 25 சதவிகிதம் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெளிச்சூடு உள்ளே வருவதைத் தாமதப்படுத்துகிறது. நாய்க்கூட்டின் நாலு சுவருக்கும் இது தேவையில்லை. மேற்குச் சுவர் ஒன்றுக்குப் போதும். பிற்பகல் வெயிலை அது தாங்கிக்கொள்ளும். அடிவரிசையைக் காரையால் நன்றாக அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பெயருக்கு ஏற்றபடி எலிகள் குடியேறிவிடும். மற்ற பக்கங்களுக்கு அவருடைய இன்னொரு விருப்பமான உத்தி: இடையிடையே செங்கல்லை விட்டுவிட்டு அடுக்கும் ஜாலி. காற்று வரும், வெயில் வராது, நாய்க்கு வெளியே நடப்பதும் தெரியும். தெருவில் போகிறவர்களைப் பார்க்க முடியாத நாய்தான் ஓயாமல் குரைக்கும் என்பது வளர்ப்பவர்களின் அனுபவம்.

ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரை டிகிரியில் இருக்கும் ஊரில் சுவரைவிட முக்கியமானது கூரை. சூரியன் வருஷத்தில் பெரும்பகுதி தலைக்கு மேலேயே சுற்றுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் தகரமும் வெயிலை வாங்கி, அடுப்புத் தட்டைப்போல் கீழ்நோக்கி வீசும். (ஆஸ்பெஸ்டாஸை அறுக்கும்போது பறக்கும் தூசி மனிதனின் நுரையீரலுக்கும் ஆபத்து; அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. இங்கே கடையில் கிடைக்கிறது.) பழைய வீட்டை இடிக்கும் இடங்களில் மலிவாகக் கிடைக்கும் மங்களூர் ஓடு பல மடங்கு மேல். ஓடுகளின் இடைவெளியே சூடான காற்றை வெளியே விட்டுவிடும். ஓட்டுக்கும் நாய்க்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் தட்டியோ பிளைவுட்டோ தடுப்பாகப் போட்டால் வித்தியாசம் கையிலேயே தெரியும். ஏற்கெனவே ஷீட் போட்டாயிற்று, மாற்ற வசதியில்லை என்பவர்களுக்கு இரண்டு மலிவான வழிகள் உண்டு: மேலே தென்னங்கீற்று வேய்வது, அல்லது பிப்ரவரி முடிவதற்குள் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடிப்பது. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் பாசி படிந்து வெள்ளை கறுப்பாகிவிடும் என்பதால் இதை ஆண்டுதோறும் செய்ய வேண்டியிருக்கும்.

மரநிழல் கிடைத்தால் கூரையின் பாதி வேலை முடிந்தது. மாவும் பலாவும் உத்தமம். கேரளத்து வீட்டில் எளிதாகக் கிடைப்பது தென்னைதான், ஆனால் தென்னையின் கீழே கூண்டு வைத்தால் தேங்காயும் மட்டையும் விழும். ஓடு உடைவது ஒரு பக்கம் இருக்கட்டும், நாயின் தலை என்ன ஆவது?

எல்லாவற்றையும்விட மோசமான இடம் மொட்டை மாடி. கோட்டை, கரமனை, வலியசாலை பகுதிகளில் அக்ரஹார வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை, கொல்லைப்புறம் குறுகலானது. புதிதாக எழும்பிய மாடிதான் நாய்க்கு ஒதுக்கப்படும். கான்க்ரீட் தளம் பகல் முழுதும் சூட்டைச் சேமித்து வைத்து இரவு பத்து மணி வரை திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். புறங்கையைத் தரையில் ஐந்து, ஆறு விநாடி வைத்துப் பார்க்கலாம். கை பொறுக்காவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மேற்குப் பால்கனிகளுக்கும் இது பொருந்தும். குடியிருப்புச் சங்கங்கள் செல்லப் பிராணிகளை அடியோடு தடை செய்வது சட்டவிரோதம் என்று 2021 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. அந்தத் தீர்ப்பு நாய்க்கு ஃபிளாட்டில் இடம் வாங்கிக் கொடுத்திருக்கிறது. பால்கனியிலா, உள்ளேயா என்பது வீட்டுக்காரரின் மனசாட்சி.

நகரின் இன்னொரு முனையில், 1850களில் திருவிதாங்கூர் மன்னராட்சியில் தோன்றிய உயிரியல் பூங்காவில், இதே பிரச்னை பெரிய அளவில் ஒவ்வொரு கோடையிலும் எழுகிறது. அதே வளாகத்தில் நிற்கும் நேப்பியர் அருங்காட்சியகம் 1880ல் முடிக்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தைக் கட்டிய ராபர்ட் சிஷோம் வடிவமைத்தது. இயற்கைக் காற்றோட்டத்துக்குப் பெயர் போன கட்டடம். செத்த பொருள்களுக்குக் கிடைத்த அந்த வசதி பக்கத்திலேயே உயிரோடு இருந்த மிருகங்களுக்கு நெடுநாள் கிடைக்கவில்லை என்பது ஒரு வேடிக்கை. பழைய கம்பிக் கூண்டுகள் பல போய், மரமும் குளமும் அகழியும் கொண்ட திறந்த அடைப்புகள் பின்னால்தான் வந்தன. மார்ச் பிறந்தால் புலிகளுக்குக் குழாய்க் குளியல், கரடிகளுக்கு ஐஸில் உறைந்த பழம், பறவைகளுக்கு நீர்த் தெளிப்பான், பாம்புகளுக்கு மின்விசிறி என்று பத்திரிகைகளில் படம் வரும்.

படத்தில் ஐஸ்தான் கண்ணைக் கவரும். ஆனால் அங்கே வேலை செய்வது வேறொன்று. வெயிலா நிழலா, தண்ணீரா தரையா என்று மிருகமே தேர்ந்தெடுத்துக்கொள்ள முடிகிறது. அவிழ்த்துவிட்ட நாயை ஒரு பகல் முழுதும் கவனித்தால் இது புரியும். காலையில் வாசற்படி. பத்து மணிக்கு மாமர நிழல். உச்சியில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், தண்ணீர் பாய்ந்து ஈரமான மண்ணையோ வாழைக் குத்தின் அடியையோ பறித்துக்கொண்டு வயிறு பதியப் படுத்துவிடும். மாலையில் காற்று வரும் திசைக்கு மாறும். ஆறடிக்கு நாலடிக் கூண்டில் இந்த நான்கில் எதுவும் இல்லை. வேலி போட்ட கொல்லையும் கதவு திறந்த கூடும் இருந்தால் பாதிக் கட்டடக் கலை தேவையே படாது. குறைந்தபட்சம் பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரையாவது திறந்து விடலாம். கேரளத் தொழிலாளர் துறை ஒவ்வொரு கோடையிலும் வெளிவேலை செய்பவர்களுக்கு உச்சி நேரத்தில் ஓய்வு அறிவிக்கிறது. நாய்க்கு அப்படி அறிவிக்க ஒரு துறை இல்லை.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எவர்சில்வர் கிண்ணம் வெயிலில் சுடும், முட்டினால் கவிழும். கனமான மண்சட்டியோ சிறிய கல்தொட்டியோ நிழலில் இருக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டாக வைப்பது நல்லது. காலை, மதியம், மாலை மாற்ற வேண்டும்.

கோடை முடிந்தால் குளிர்காலம் என்பது வடநாட்டுக் கணக்கு. திருவனந்தபுரத்தில் ஜனவரி இரவின் குறைந்த வெப்பமே 22 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நாய்களுக்கான ஸ்வெட்டர்கள் இங்கும் கடைகளில் தொங்குகின்றன. வாங்குகிறவர்களின் குளிருக்காக என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இங்கே குளிர்காலத்தின் இடத்தைப் பிடித்திருப்பது மழை. அதுவும் இரண்டு தவணை: ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர், நவம்பரில் இடியோடு வரும் வடகிழக்குப் பருவமழை. ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர். ஜூன் 1 கேரளத்தில் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி. 2025ல் அது மே 24லேயே வந்து பலரது கூரை வேலையை அரைகுறையாக நிறுத்தியது.

எனவே கூட்டின் வாசல் மேற்கு பார்க்கக்கூடாது. வடக்கு அல்லது கிழக்கு பார்க்கலாம். வடகிழக்குப் பருவத்தின் சாரலைத் தடுக்க இரண்டு அடி இறவாணம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தளம் தரையிலிருந்து குறைந்தது ஓரடி உயரம். இந்த விஷயத்தில் கேரளத்து ஆடுகள் நாய்களைவிட அதிர்ஷ்டசாலிகள். மழை அதிகமுள்ள ஊர் என்பதால் ஆட்டுக்குப் பரண் கட்டுவது இங்கே பழைய வழக்கம்: பாக்கு மரத்தைப் பிளந்த சட்டங்களை இடைவெளி விட்டு அடித்த உயரமான தளம். சிறுநீர் கீழே வடிந்துவிடும், காற்று அடியிலிருந்து ஏறும். சட்டங்களின் இடைவெளியை நாயின் கால்விரல் சிக்காத அளவுக்குக் குறைத்துவிட்டால் அதே பரண் நாய்க்கும் அருமையாகப் பொருந்தும். ஆனால் ஆடு பரணில் படுக்கிறது, அதே வீட்டு நாய் ஈரச் சிமென்ட்டில் படுக்கிறது. வயதான நாய்களின் மூட்டு வலிக்கும் முழங்கைப் புண்ணுக்கும் சிமென்ட் தளத்தின் பங்கு அதிகம்.

ஈரத்தோடு வருபவை வேறு பல. ஆடி மாதத்தை ஒட்டிய கர்க்கடக மாதத்தில் மனிதர்கள் மருந்துக் கஞ்சி குடித்து உடம்பைத் தேற்றிக்கொள்கிறார்கள். நாய்க்குக் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் பூஞ்சை வரும். கம்பளி, பழைய மெத்தை போன்றவை மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் ஆகவே ஆகாது. மாவட்டத்தின் சிறையின்கீழ், அஞ்சுதெங்கு பகுதிகள் காலங்காலமாக முறுக்கிவரும் தென்னை நாரில் செய்த மிதியடி சிறந்த படுக்கை. தண்ணீர் வடியும், சீக்கிரம் காயும், விலையும் குறைவு. இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடலாம்.

உண்ணியின் கதை தனி. நாயின் மேல் தெரிவது கொஞ்சம்தான். வயிறு நிறைந்த உண்ணி கீழே இறங்கி, சுவரேறி, சிமென்ட் விரிசல்களில் முட்டையிடுகிறது. நாயைக் குளிப்பாட்டிக்கொண்டே இருப்பவர்கள் கூண்டை மறந்துவிடுவதால் உண்ணிக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருகிறது. விரிசலை அடைத்துச் சுண்ணாம்பு அடிப்பது இங்கேயும் கைகொடுக்கும்.

மனித உயிரையே பாதிக்கும் பிரச்னை எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தில் வாழும் லெப்டோஸ்பைரா கிருமி நாயையும் தாக்கும், கூண்டைக் கழுவுகிறவரின் காலில் உள்ள சிறு காயம் வழியாக அவரையும் தாக்கும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் இந்த நோயால் பட்ட பாடு எளிதில் மறக்கக்கூடியது அல்ல. இரவு மிச்சம் வைத்த மீன் சோறு காலை வரை கூண்டில் கிடந்தால் எலிகளுக்கு அழைப்பு அனுப்பியதுபோல்தான். சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துவிட வேண்டும். கழுவிய நீர் கூண்டைச் சுற்றித் தேங்காமல் ஓட வேண்டும். கழுவுகிறவர் ரப்பர் செருப்பாவது போட்டிருக்க வேண்டும். நாய்க்குத் தடுப்பூசி உண்டு. ரேபீஸ் ஊசியோடு அதையும் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது.

நிஜமான குளிர் பார்க்க வேண்டுமானால் வடக்கே போக வேண்டும், அல்லது உறைபனி விழும் ஊட்டிக்கு. டெல்லியில் ஜனவரி இரவுகள் 4, 5 டிகிரிக்கு இறங்கும். ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுபோன சிப்பிப்பாறைக்கு மெலிந்த தோல்தான் ஒரே போர்வை. அங்கே கணக்குகள் தலைகீழ். திருவனந்தபுரத்தில் கூண்டு விசாலமாக இருக்க வேண்டும்; டெல்லியில் குளிர்காலக் கூடு சிறிதாக இருக்க வேண்டும் - நாய் எழுந்து நிற்க, திரும்ப, சுருண்டு படுக்க இடம் இருந்தால் போதும். அதன் உடல் சூடுதான் ஹீட்டர். பெரிய கூட்டை அது சூடாக்க முடியாது. வாசல் தெற்கே பார்க்கட்டும். தாழ்வாக வரும் குளிர்கால வெயில் உள்ளே விழும். வாசலில் கனமான சாக்குப் படுதா, உள்ளே கம்பளிக்குப் பதில் காய்ந்த வைக்கோல். நாய் அதைக் கிளறித் தனக்கேற்ற குழி செய்துகொள்ளும். கூடு முழுவதையும் பிளாஸ்டிக் தாளால் மூடுவது பலரும் செய்யும் தப்பு. மூச்சுக்காற்றின் ஈரம் உள்ளேயே படிந்து, விடியற்காலையில் நாய் நனைந்து நடுங்கிக்கொண்டிருக்கும். கூரைக்கடியில் விரலளவு காற்று வழி எந்தக் குளிரிலும் வேண்டும். பல்பு, ஹீட்டர், கரி அடுப்பு எதுவும் வைக்கோலுக்குப் பக்கத்தில் வேண்டாம். குட்டிகளையும் பத்து வயது தாண்டியவற்றையும் அந்த இரண்டு மாதங்கள் வீட்டுக்குள் படுக்க வைப்பதே எல்லாவற்றையும்விட மலிவு.

இதெல்லாம் நல்ல மனசின் விஷயம் மட்டும் அல்ல. 1960ம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் 11வது பிரிவில் தெளிவாகவே சொல்கிறது: வளர்க்கும் பிராணிக்குப் போதிய உணவு, தண்ணீர், தங்குமிடம் தராமலிருப்பது குற்றம். நியாயமற்ற அளவுக்குக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும் குற்றம். எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு நடைப்பயிற்சி தர மறுப்பதும் குற்றம். கேரளத்தின் பாதி வீடுகளில் போலீஸ் நுழைய வேண்டியிருக்கும் என்று யாராவது சொன்னால் மறுப்பது கடினம்.

தலைநகரின் தெற்கே, விழிஞ்ஞத்தை அடுத்த அடிமலத்துறைக் கடற்கரையில் 2021 ஜூன் 28ம் தேதி புரூனோ என்ற லாப்ரடார் கொல்லப்பட்டது. கடலில் குளித்துவிட்டு, ஒரு படகின் அடியில் நிழலில் படுத்திருந்தது என்கின்றன அப்போது வந்த செய்திகள். அதைத் தூண்டில் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டு அடித்துக் கொன்றார்கள். மூன்று பேர் கைதானார்கள். வீடியோ பரவி நாடே கொதித்தது. கேரள உயர் நீதிமன்றம் ஜூலை முதல் வாரத்திலேயே தானாக வழக்கை எடுத்துக்கொண்டு, அதற்கு நாயின் பெயரையே சூட்டியது. வளர்ப்புப் பிராணிகளை உள்ளாட்சி அமைப்புகளில் பதிவு செய்ய வேண்டும் என்ற உத்தரவும் அந்த வழக்கில் பிறந்ததுதான். கேரளத்தில் நாய் என்ற வார்த்தை எடுத்தாலே தெருநாய்த் தொல்லை, கடி, ரேபீஸ் என்று விவாதம் சூடாகிவிடும் சூழ்நிலையில், ஒரு வீட்டு நாய்க்காக நீதிமன்றம் பேசியது அபூர்வம்.

ஆனால் புரூனோவின் மரணம் எல்லோர் கண்ணிலும் பட்டது. கூண்டில் மெல்ல வேகும் நாயை யாரும் வீடியோ எடுப்பதில்லை. அக்கம்பக்கத்தில் புகார் செய்தாலும் பெரிதாக எதுவும் நடக்காது. பிராணியைக் கொல்வதற்கும் ஊனமாக்குவதற்கும் பாரதிய நியாய சன்ஹிதையின் 325வது பிரிவு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. நிழல் தராததற்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அதற்கு 1960ம் ஆண்டுச் சட்டம்தான். தண்டனையைக் கடுமையாக்கும் திருத்த வரைவு ஒன்றை மத்திய அரசு 2022ல் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. சட்டப் புத்தகத்தில் இருப்பது பல பத்தாண்டுகளாக மாறாத தொகை: முதல் குற்றத்துக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல் அபராதம். நாய்க்கூட்டின் மேல் போட ஒரு கட்டுத் தென்னங்கீற்று அதைவிட அதிக விலை.